ரெண்டாவது கியர் விழாத வண்டி

ஜூன் 2, ஞாயிறு

குறை: நிக்க வெச்சா நிக்க மாட்டேங்குது, தானா நகருது. ரெண்டாவது கியர் விழல.

முப்பது வருசம் கவர்மெண்ட் பஸ் ஓட்டினவன் நான். டிப்போவுல வண்டியை விட்டா, குறைப் புஸ்தகத்துல எழுதி வெச்சுட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பணும். எழுதாத குறையை எந்த மெக்கானிக்கும் தொட மாட்டான். ரிட்டையர் ஆகியும் அந்தப் பழக்கம் விட்டுப் போகல. அதான் இந்த நோட்டு.

வண்டின்னா பஸ் இல்லை. கைக்குழந்தை நீளத்துக்கு ஒரு ரிமோட் லாரி. கரண்ட்ல ஓடுறதில்ல, நைட்ரோ எண்ணெய்ல ஓடுறது. நெசமான இஞ்சின், நெசமான கிளட்ச், ரெண்டு கியர். என் சம்சாரம் தெய்வானையோடது. பாலிடெக்னிக்ல ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டரா இருந்தா. பசங்க உடைச்சுப் போட்டுட்டுப் போன ஒண்ணை எடுத்து ரிப்பேர் பண்ணப் போயி, அதுலயே பைத்தியம் ஆயிட்டா. ஞாயித்துக்கிழமை ஆனா சூலூர் பக்கம் மண் ட்ராக்குக்குப் போகணும். அங்க இருக்கறதெல்லாம் அவகிட்டப் படிச்ச பசங்க. நான் கார் ஓட்டிட்டுப் போயி வேப்பமரத்தடியில நிறுத்தி, சீட்டைச் சாய்ச்சுப் போட்டு பேப்பர் படிப்பேன். பொம்மைன்னு ஒருக்கா சொல்லிட்டேன். "ஏனுங்க, பொம்மைக்கு இஞ்சின் இருக்குதா?"ன்னு ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா.

மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, ட்ராக்குக்குக் கிளம்ப ஷூ மாட்டக் குனிஞ்சவ அப்படியே சாஞ்சுட்டா. திடீர்னு. ஒரு காய்ச்சல் தலைவலி கிடையாது.

இந்த மாசம் முப்பதாம் தேதி ட்ராக்ல அவ பேர்ல ஒரு ஓட்டம் வெக்கிறாங்க. முதல்ல அவ வண்டி ஓடணுமாம். நானே சரி பண்ணிக் கொண்டாறேன், யாரும் தொட வேண்டாம்னு சொல்லிட்டேன். காரணம் இருக்குது. மேட்டைத் தாண்டினதும் அந்த வண்டிக்கு ரெண்டாவது கியர் விழும். அதுவரைக்கும் கீச்சுன்னு கத்திட்டு வர்ற இஞ்சின் சித்தெ நேரம் மூச்சு விட்டுட்டு, அடித்தொண்டையில பாட ஆரம்பிக்கும். பேப்பர்ல இருந்து கண்ணை எடுக்காமயே, சரி, இவ நல்லா ஓட்டறான்னு தெரிஞ்சுக்குவேன். அந்தச் சத்தம் இன்னொருக்கா கேக்கணும். கேட்டா அவ அங்க நின்னு ஓட்டற மாதிரி இருக்கும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

ஜூன் 4, செவ்வாய்

கணபதி ஏரியாவுல லேத் வெச்சிருக்கான் இர்ஃபான். தெய்வானையோட பழைய ஸ்டூடண்ட், இப்ப ரெண்டு குழந்தைக்கு அப்பன். சாமான் வாங்கப் போனேன். என்னைச் சார்ங்கிறான். வாழ்நாள் பூரா டிரைவரேன்னு கேட்டுப் பழகின காது, சார்னா யாரையோ கூப்பிடறான்னு திரும்பிப் பாக்குது.

குறையைச் சொன்னேன். முதல்ல இஞ்சின் சும்மா ஓடுற வேகத்தைப் பாருங்க, அதுக்கு ஒரு ஸ்க்ரூ இருக்குதுன்னான். நான் கேக்கல. கிளட்சைப் பத்தி எனக்கே பாடமா? வால்பாறை மலையில நாப்பது கொண்டை ஊசியும் கிளட்சைத் தேய்க்காம ஏறினவன்டா நான்னு ஒரு பிடி பிடிச்சேன். அவன் சிரிச்சுட்டு, கெட்டி ஸ்பிரிங் மூணு எடுத்துக் குடுத்தான்.

மாட்டிப் பாத்தேன். இப்ப வண்டி கிளம்பவே மாட்டேங்குது. இஞ்சின் தொண்டை கிழியக் கத்தினப்புறம், புதுசா லைசென்ஸ் வாங்கினவன் கிளட்சை டபக்குனு விட்ட மாதிரி எகிறிக் குதிச்சு, தென்னை மரத்துல போய் முட்டி நின்னுச்சு.

ஜூன் 6, வியாழன்

தப்பு என் மேலதான். பஸ்ல கிளட்ச் எப்பவும் பிடிச்சிட்டுத்தான் இருக்கும், மிதிச்சாத்தான் விடும். இது நேர் எதிர். எப்பவும் விட்டே இருக்கும். இஞ்சின் வேகமாச் சுத்தினா, உள்ள இருக்கற மூணு சின்னத் துண்டு வெளிய விரிஞ்சு, சுத்தி இருக்கற கிண்ணத்தைப் பிடிக்கும். அப்பத்தான் சக்கரம் உருளும். கெட்டி ஸ்பிரிங் போட்டா அது இன்னும் லேட்டாப் பிடிக்கும். நான் என்னமோ வழுக்குதுன்னு நெனச்சு இறுக்கிட்டேன். துண்டையும் திருப்பிப் போட்டு மாட்டியிருக்கேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

எல்லாத்தையும் கழட்டிப் பெட்ரோல்ல கழுவி வெச்சேன். பழைய ஸ்பிரிங் ஒண்ணும் கெட்டுப் போகல. கிண்ணம் வழுவழுன்னு சுத்துது. அவ சாமானை அப்படித்தான் வெச்சிருப்பா. அப்ப வண்டி ஏன் தானா நகருது?

கையில அந்த எண்ணெய் வாசம். இனிப்பா, விளக்கெண்ணெய் காஞ்ச மாதிரி. ரெண்டு தடவை சோப்புப் போட்டும் போகல. சாயங்காலம் பீரோவைத் திறந்தா அவ துப்பட்டாவுலயும் அதே வாசம். பொட்டாட்ட, சத்தமில்லாம மூடிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

பழைய ஸ்பிரிங்கையே போட்டு வாசல்ல ஸ்டார்ட் பண்ணி விட்டேன். ரிமோட்டைத் தொடவே இல்லை. வண்டி மெதுவா ஊர்ந்து போயி அவ உக்கார்ற பிளாஸ்டிக் நாற்காலிகிட்டப் போய் நின்னுச்சு.

ஜூன் 10, திங்கள்

நேத்து எழுதினதை இன்னைக்குப் படிச்சாச் சிரிப்பா இருக்கு. வாசல் அந்தப் பக்கம் சாய்வு. தண்ணி ஊத்தினாலும் அங்கதான் ஓடும்.

நாற்காலி எதுக்கு வாசல்ல கிடக்குதுன்னு சொல்லலையே. ட்ராக்குக்குக் கொண்டு போறதுக்குன்னு தீபாவளிக்கப்புறம் வாங்கினா. அதுவரைக்கும் நின்னுட்டேதான் ஓட்டுவா. முட்டி வலின்னா. வயசாகுதுல்ல. மருதமலைக்கும் படியேற மாட்டேன்னுட்டா, பஸ்லதான் போனோம். மாடியில துணி காயப் போடறதும் என் தலையில விழுந்துச்சு. அதுக்கு நான் போட்ட சத்தம் இருக்குதே, தெருவே கேட்டிருக்கும்.

ஜூன் 12, புதன்

இர்ஃபான் சொன்ன ஸ்க்ரூவைத்தான் கடைசியில பாக்க வேண்டி வந்துச்சு. இஞ்சின் சும்மா நிக்கும்போது ஓடுற வேகத்தை ரொம்ப ஏத்தி வெச்சிருக்கா. அந்த வேகத்துலயே கிளட்ச் லேசாப் பிடிச்சு வண்டியை இழுத்துட்டுப் போகுது. இவ்வளவு ஏத்தினா நகரும்னு முதல் வருசப் பசங்களுக்கே சொல்லிக் குடுக்கறவ, இதை எப்படிக் கவனிக்காம விட்டாளோ.

இறக்கி வெச்சேன். நகர்றது நின்னுச்சு. ஆனா கொஞ்சம் நிறுத்தினா இஞ்சின் அணைஞ்சு போகுது. அணைஞ்சா மறுபடி கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ணணும். இழு, அணை, இழு, அணை. பழைய குருடி கதவைத் திறடின்னு ஆயிப் போச்சு. மத்தியானத்துக்குள்ள தோள்பட்டை விட்டுப் போயி, மூச்சு வாங்கி அந்த நாற்காலியிலயே உக்காந்துட்டேன். கல்லு மாதிரி இருக்கற எனக்கே இப்படி. அவ எப்படி இழுத்தாளோ.

ஜூன் 13, வியாழன்

டிப்போவுல யாராவது அடிபட்டா, மறுநாள் வண்டிக்கு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தித்தான் எடுப்போம். நம்பிக்கையோ என்னமோ, மனசுக்கு ஒரு தெம்பு. இன்னைக்கு இந்த லாரிக்கும் நாலு சக்கரத்துக்கும் வெச்சு ஏத்தினேன். பழம் நசுங்கல. அந்த எடைக்கு எங்க நசுங்கும்? வண்டி பழத்து மேல ஏறி நின்னுட்டு, சக்கரம் அந்தரத்துல சுத்துது. எதிர்வீட்டு ஹேமா பால் பாக்கெட்டோட நின்னு பாத்துட்டு உள்ள போயிட்டா.

ஜூன் 15, சனி

ரிமோட்டை அணைச்சு மேசை மேல வெச்சுட்டுச் சோறு போட்டுக்கப் போனேன். திரும்பி வந்தா வண்டியோட முன்சக்கரம் ரெண்டும் இடது பக்கம் திரும்புது. நேராச்சு. மறுபடி திரும்புச்சு. நான் நின்ன பக்கம்.

தட்டை வெச்சுட்டு, "தெய்வா"ன்னு கூப்பிட்டேன். என்னை அறியாம வந்துடுச்சு.

அப்புறம் இர்ஃபானுக்குப் போன் போட்டேன். வண்டியில இருக்கற பேட்டரி இறங்கிப் போச்சுன்னா அப்படித்தான் சார், ரிமோட்டை அணைச்சிருந்தா இன்னும் ஆடும்னான். பேட்டரி மாத்தினேன். இப்ப ஆடல. எனக்கென்ன பயமா? மலைப்பாதையில தனியா ட்ரிப் அடிச்சவன். கூப்பிட்டதை மட்டும் அவன்கிட்டச் சொல்லல.

பேட்டரி மாத்தாமயே விட்டிருக்கலாமோன்னு தோணுது.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். இர்ஃபான் பிரியாணி கொண்டாந்தான். தெய்வானை இருந்தப்ப வருசா வருசம் தூக்குப் பாத்திரத்துல வரும், இந்த வருசமும் அதே தூக்கு. ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிட்டோம். நான் பாடு பட்ட கதையெல்லாம் சொன்னேன். நகர்றது சரியாச்சு, ரெண்டாவது கியர்தான் பாக்கி, நாளைக்குக் கியர்பாக்ஸைப் பிரிக்கறேன்னேன்.

அதுவரைக்கும் நல்லாப் பேசிட்டிருந்தவன் பிரியாணியைப் பாத்துக் குனிஞ்சுட்டான். அதைத் தொட வேண்டாமே சார், மண் ட்ராக்குக்கு முதல் கியரே போதும்னான். எட்டு வருசமா ரெண்டாவது கியர்ல ஓடின வண்டிடா, எனக்குச் சத்தம் தெரியாதான்னு கேட்டேன். எப்பக் கடைசியாக் கேட்டீங்கன்னான்.

கேள்வியைப் பாரு. தீபாவளிக்கு என் பொண்ணு பூர்ணிமா பெங்களூர்ல இருந்து காதுல மாட்டற ஒயர் ஒண்ணு வாங்கிட்டு வந்தா. அதுக்கப்புறம் கார்ல உக்காந்து பழைய பாட்டுக் கேட்டுட்டிருந்தேன். அதுக்குன்னு கியர் மாறாமப் போயிடுமா?

ஜூன் 19, புதன்

பிரிச்சுப் பாத்தேன். பல்லு ஒண்ணும் தேயல. எந்த வேகத்துல ரெண்டாவது கியர் விழணும்னு வெக்கறதுக்கு ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்குது. ஊசி ஓட்டை மாதிரி ஒரு சந்துக்குள்ள அலன் கீங்கற வளைஞ்ச கம்பியை விட்டுத் திருப்பணும். இறுக்க இறுக்க கியர் லேட்டா விழும். இது கடைசி வரைக்கும் இறுக்கிக் கிடக்குது. ஆயுசுக்கும் ரெண்டாவது கியர் விழாது. அதோட விட்டாங்களா? சுத்தி நீலப் பசை வேற. ஸ்க்ரூ என்னைக்கும் அசையக் கூடாதுன்னாத்தான் அந்தப் பசை போடுவாங்க.

தானா ஆனதில்ல இது. ஆள் வெச்சுப் பண்ணின வேலை.

எனக்குச் சந்தேகம் இர்ஃபான் மேலதான். ட்ராக்ல தெய்வானையை ஜெயிக்க முடியாதவன் அவன். பிரியாணியும் கையுமா வந்து தொட வேண்டாம்னு ஏன் சொல்லணும்?

ஜூன் 20, வியாழன்

காலையில லேத் திறக்கறதுக்கு முன்னாடியே போயி வாசல்ல நின்னேன். வண்டியை அவன் மேசை மேல வெச்சு, இந்த ஸ்க்ரூவை இறுக்கினது யாருன்னு கேட்டேன். நான்தான் சார்னான். கன்னத்துல ஒண்ணு விட்டிருப்பேன். அதுக்குள்ள அவன் அழுதுட்டான். வளந்த ஆம்பளை, கடை வாசல்ல.

மேடம்தான் இறுக்கச் சொன்னாங்களாம். தீபாவளி சமயத்துல, ரெண்டாவது கியர்ல போனா வண்டி மேட்டுல கவுந்துக்குது, கவுந்தா நடந்து போயி நிமிர்த்தணும், எனக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியல இர்ஃபான்னு சொன்னாங்களாம். முதல் கியர்லயே போனாக் கவுறாது. இஞ்சின் வேகத்தை ஏத்தினதும் அதுக்குத்தான். அணைஞ்சா கயிறு இழுக்க நெஞ்சுல தெம்பு இல்லை. கையை எடுத்தாலும் வண்டி தானா ஊர்ந்து நாற்காலிகிட்ட வந்துடும், எந்திரிக்க வேண்டாம்.

முட்டி வலியில்லையாம். இருதயத்துல வால்வு கெட்டுப் போச்சாம். ஸ்கேனுக்கு இவன்தான் கூட்டிட்டுப் போயிருக்கான். டாக்டர் உடனே ஆபரேஷன்னு சொல்ல, மே மாசம் ரிட்டையர் ஆயிட்டுப் பண்ணிக்கறேன்னிருக்கா.

என்கிட்ட ஏன்டா சொல்லலன்னு கேட்டேன். அவ என்ன சொன்னாளோ அதை அப்படியே சொன்னான்.

"சார்கிட்டச் சொன்னா என்னை வீட்ல உக்கார வெச்சுருவாரு இர்ஃபான். ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது நான் நல்லா இருக்கற மாதிரி இருந்துக்கறேன்."

வண்டியைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

சமைக்கல.

ஜூன் 22, சனி

அவ மேல வர்ற கோபத்துக்கு அளவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவளே. நானும் பக்கத்துல உக்காந்து அந்தச் சோத்தைத்தானே தின்னேன். ஒரு தலையணை ரெண்டாச்சு, ரெண்டு மூணாச்சு. உக்காந்துட்டே தூங்கறியேடின்னு கேட்டா, வாயுன்னா. நானும் ஓமம் வாங்கிக் குடுத்தேன். மாடிப்படியில பாதியில நின்னுட்டு, சுவத்துல பெயிண்ட் உரியுது பாருங்கன்னா. நான் சுவத்தைப் பாத்தேன்.

திடீர்னு போயிட்டா, திடீர்னு போயிட்டான்னு துக்கத்துக்கு வந்தவங்ககிட்டயெல்லாம் சொன்னது நான்தான்.

அவ சொன்னதுலயும் தப்பில்ல. தெரிஞ்சிருந்தா உக்கார வெச்சிருப்பேன். வண்டியைப் பரண் மேல தூக்கிப் போட்டிருப்பேன். பெத்த பொண்ணையும் வரச் சொல்லி ரெண்டு பேருமாக் காவல் இருந்திருப்போம். அவளுக்கு அது சாவை விடக் கொடுமை. தெரிஞ்சுதான் செஞ்சிருக்கா.

இஞ்சின் ஸ்க்ரூவைப் பழையபடி ஏத்தி வெச்சுட்டேன். கியர் ஸ்க்ரூவைத் தொடல. அவ வெச்சது அப்படியே இருக்கட்டும். முப்பதாம் தேதி இப்படியே ஓட்டறேன். சத்தம் வராதுதான். வராட்டிப் போகுது.

ஜூன் 25, செவ்வாய்

பூர்ணிமாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அழுவாளாக்கும்னு பாத்தா, அந்த வண்டியை எனக்கு அனுப்புங்கப்பா, கண்ணாடிப் பெட்டி செஞ்சு வெக்கறேன்னா. எனக்குப் பொசுக்குனு கோபம் வந்துடுச்சு. உங்கம்மா என்ன பொம்மையாடின்னு கத்திட்டுப் போனை வெச்சுட்டேன்.

வாசல்ல தினமும் ஸ்டார்ட் பண்ணி விடறேன். ஊர்ந்து போயி நாற்காலிகிட்ட நிக்குது. சாய்வுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் எதிர்ல உக்காந்து பாத்துட்டே இருக்கேன். மத்தியானத்துல வண்டி ஓடாதப்பவும் கொல்லைப்பக்கம் இஞ்சின் சத்தம் கேக்குது. போயிப் பாத்தா ஒண்ணும் இல்லை. ரெண்டு நாளாச் சோறு இறங்கல. ஹேமா ரசம் கொண்டாந்து வெச்சுட்டு, அண்ணா, பூர்ணிமா வீட்டுக்குக் கொஞ்ச நாள் போயிட்டு வாங்களேன்னா. நான் இருக்கற நெலைமை அவளுக்கும் தெரிஞ்சிருக்கு போல.

வாசல்ல நிக்கற இவளை விட்டுட்டு எங்க போறது?

ஜூன் 28, வெள்ளி

எண்ணெய் வாங்கணும். பிளக் சூடாக்கற குச்சியைச் சார்ஜ் போடணும். வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் குடுத்தாச்சு.

ஜூன் 30, ஞாயிறு

எழுதி முடிச்சுட்டுத்தான் படுக்கணும், இல்லாட்டித் தூக்கம் வராது.

ட்ராக்ல அவ போட்டோ வெச்சு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தாங்க. பழைய ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் குடும்பத்தோட வந்திருந்தாங்க. இர்ஃபான் தூரமா நின்னான். நான் போய்க் கூட்டிட்டு வந்து பக்கத்துல நிறுத்திக்கிட்டேன்.

முதல்ல அவ வண்டி. ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆச்சு. விட்டேன். மெதுவாக் கிளம்பி வளைவுல திரும்பி, மேட்டுல ஏறி இறங்கி, நேர் ரோட்டுக்கு வந்துச்சு. அந்த இடத்துல கியர் விழணும். விழல. இஞ்சின் முதல் கியர்லயே ஏறி ஏறிக் கத்துது. அதுக்கு மேல போகவும் வழியில்ல, இறங்கவும் வழியில்ல. கீச்சு கீச்சுன்னு அடைச்சுட்டு இழுக்குது.

இந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கேன். ட்ராக்ல இல்லை, வீட்ல. மூணு தலையணையில சாஞ்சுட்டு அவ தூங்கினப்போ தொண்டையில இருந்து வந்த சத்தம் இதுதான். நான் ஒரு ரவுண்டு கேட்டேன். அடுத்த ரவுண்டு என்னால முடியல. அந்தச் சத்தத்தை அப்படியே வெச்சுக் காப்பாத்தவா இத்தனை நாளும் உக்காந்திருந்தேன்?

வண்டியைக் கிட்டக் கொண்டாந்து அணைச்சேன். கீழ உக்காந்து மூடியைக் கழட்டினேன். பசை இளக சூடு வெக்கணும், உன் கார் பேட்டரியில போடற சால்டரிங் அயர்னை எடுத்துட்டு வாடான்னேன் இர்ஃபான்கிட்ட. அவன் நகரல. சார், அது மேடம் வெச்ச செட்டிங், அவங்க கடைசியா வெச்சதுன்னான்.

"அவ வெச்சதில்லடா அது. அந்த வியாதி வெச்சது."

கொண்டாந்தான். ஸ்க்ரூ மேல சூடு வெச்சுப் பிடிச்சுக்கிட்டான். நான் அலன் கீயைத் திருப்பினேன். டக்குனு விட்டுச்சு. அவ எட்டு வருசம் வெச்சிருந்த அளவு அவனுக்குத் தெரியும், அதுக்கே கொண்டாந்தோம். இஞ்சின் வேகத்தையும் இறக்கினோம்.

மறுபடி விட்டேன். வளைவு, மேடு, நேர் ரோடு. கத்திட்டே வந்த இஞ்சின் சித்தெ மூச்சு விட்டுச்சு. விழுந்துச்சு ரெண்டாவது கியர். அடித்தொண்டையில பாடிட்டுச் சிட்டாப் பறந்துச்சு. கூட்டம் கை தட்டுது. சத்தம் அதே சத்தம், ஒரு மாத்து குறையல. நான் பக்கத்துல திரும்பிப் பாத்தேன். இர்ஃபான்தான் நின்னான். இந்தச் சத்தம் வந்தா அவளும் வந்துடுவான்னு இத்தனை நாளா நம்பியிருக்கேன் போல. வரல. வர மாட்டா. நாலு மாசமாத் தெரிஞ்ச விசயம்தான், இன்னைக்குத்தான் உறைச்சுது.

திரும்பிப் பாத்த நேரத்துல வண்டி கையை மீறிப் போச்சு. பஸ் ஓட்டின கைக்கு அந்த வேகம் பிடிபடுமா? அடுத்த சுத்துல மேட்டுல எகிறிக் குப்புற விழுந்து, நாலு சக்கரமும் வானத்தைப் பாத்துச் சுத்துது. ஓரத்துல நின்ன ஆள் ஒருத்தன் நிமிர்த்தப் போனான். யாரும் போகாதீங்கன்னு கத்தினேன். ரிமோட்டை இர்ஃபான் கையில குடுத்துட்டு நானே ஓடினேன். அறுபத்தி நாலு வயசுல, வெள்ளைச் சட்டையில, புழுதியில. போயி நிமிர்த்தி வெச்சுட்டுத் திரும்பி ஓடி வந்து மறுபடி ஓட்டினேன். மறுபடி கவுந்துச்சு. மறுபடி ஓடினேன். எத்தனை தடவைன்னு எண்ணல. இர்ஃபான் போதும் சார், உக்காருங்கன்னு கையைப் பிடிச்சான். உதறிட்டு ஓடினேன். வேகத்தைக் குறைச்சா கவுறாதுன்னு எனக்குத் தெரியாதா? குறைக்கல. கவுந்துக்கிட்டே இருக்கட்டும்னுதான் ஓட்டினேன்.

முட்டி ரெண்டும் வீங்கிக் கிடக்குது. வண்டி மேசை மேல அசையாம இருக்குது.

உக்கார வெச்சுருவேன்னு நெனச்சியே தெய்வா. நெசந்தான், முதல்ல உக்கார வெச்சிருப்பேன். நீ சண்டை போட்டிருக்கணும். நாலு நாள் பேசாம மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தா நான் வழிக்கு வந்திருப்பேன். நீ நாற்காலியில உக்காந்து ரெண்டாவது கியர்லயே ஓட்டியிருக்கலாம். கவுந்தா நிமிர்த்த நான் ஓடியிருப்பேனே. அந்த வேப்பமரத்தடியில சும்மாதானே உக்காந்திருந்தேன்.